சில்லறைக்குப் பதில் மிட்டாய்: கிறிஸ்துமஸ் கொள்முதலுக்கு முன் ஒரு யோசனை

கார்த்திகை பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டத்துக் கடைகளில் பட்டியலின் முகமே மாறிவிடும். பருப்பும் புளியும் பின்னுக்குப் போய், மைதா, சீனி, டால்டா, முந்திரி, உலர்திராட்சை, ஏலக்காய் என்று முன்னுக்கு வரும். அச்சுமுறுக்குக்குப் பச்சரிசி, முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு, அதிரசத்துக்கு வெல்லம் என்று வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுப்பார்கள். இது கிறிஸ்தவ வீடுகளோடு நின்றுவிடுகிற விஷயமும் அல்ல. தீபாவளிக்கு வந்த தட்டுக்குப் பதில் தட்டு கிறிஸ்துமஸுக்குப் போகிற ஊர் நம்முடையது. நம்மில் பலருக்குத் தீபாவளிக்கு அடுத்தபடி கல்லா நிறைவது இந்தப் பருவத்தில்தான். ஆகவே, நம் பிழைப்பில் கைவைக்கிற யோசனை எதையும் இங்கே சொல்லப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சொல்ல வந்தது பிள்ளைகள் தின்னும் சீனியைப் பற்றி. நம் பக்கத்தில் வெள்ளையாக இருப்பதைச் சீனி என்போம். சர்க்கரை என்றால் இப்போது வியாதியின் பெயர். இந்த இதழைப் படிக்கும் நம்மிலேயே எத்தனை பேர் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு கடை திறக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு என்று அது கணக்கிட்டது. பிள்ளைப் பருவத்தில் தின்ற மிட்டாய் ஒன்றே இதற்குக் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஆனால் இனிப்புக்குப் பழகும் நாக்கும், கூடிப்போகும் உடம்பும் அந்த வயதிலேயே தொடங்கிவிடுகின்றன. பற்சொத்தையோ அவ்வளவு காலம்கூடக் காத்திருப்பதில்லை.

இதை எழுதுவதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் பள்ளி விட்டதும் கடைக்குத்தான் வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரும். கை எட்டும் தூரத்தில் ஜாடி இருக்கும். எங்கள் பையனுக்கு ஏழு வயதில் கடைவாய்ப் பற்கள் நான்கும் சொத்தை. ஒரு சனவரி மாதம், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நேரத்தில் முகம் வீங்கி, இரவெல்லாம் அழுது, பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாயைத் திறந்து பார்த்தவர் முதலில் கேட்டது, "அப்பாவுக்கு என்ன தொழில்?" என்றுதான். பலசரக்குக் கடை என்றதும் சிரித்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பால்பல் தானே, விழுந்து முளைக்கும் என்று நினைத்திருந்தோம். பால்பல்லில் சீழ் வைத்தால் அடியில் இருக்கும் நிலையான பல்லையும் அது கெடுக்கலாம் என்று அவர்தான் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்றும் மனத்தில் நின்றுவிட்டது. பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு இனிப்பு தின்றது என்பதைவிட, நாளில் எத்தனை தடவை தின்றது என்பதே பெரிதாம். சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு அதிரசம் தின்று வாய் கொப்பளித்த பிள்ளை தப்பிக்கும். அரைமணிக்கு ஒரு மிட்டாயாக நாள் முழுவதும் சப்பிக்கொண்டிருக்கும் பிள்ளை தப்பிக்காது.

அன்று முதல் விடுமுறை நாட்களில் பிள்ளைகள் வாய்க்குள் போவது என்ன, எங்கிருந்து போகிறது என்று கவனித்து வருகிறோம். நம் தொழிலில் கணக்குத்தானே எல்லாம். அதையும் கணக்காகவே பார்க்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை இது: ஒருவர் ஒரு நாளில் பெறும் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சீனியின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பாலிலும் முழுப் பழத்திலும் இயற்கையாக இருக்கும் இனிப்பு இந்தக் கணக்கில் வராது. சீனி, வெல்லம், தேன், பழச்சாறு எல்லாம் வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 10 சதவீதம் என்பது ஏறக்குறைய 42 கிராம் சீனி. 5 சதவீதம் என்பது 21 கிராம். அதாவது நாலைந்து தேக்கரண்டி.

இனி கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வீட்டு கேக்குக்கு மாவு, சீனி, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை என்று நம்மிடம் பட்டியல் கொடுக்கும் தாய்மார்களே சொல்வார்கள். அப்படியானால் 60 கிராம் துண்டில் 15 கிராம் சீனி. விருந்தாளிக்கு வாங்கிய குளிர்பானத்தில் பிள்ளைக்கு ஒரு தம்ளர், கால் லிட்டர். 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சீனி என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. ஆகவே சுமார் 26 கிராம். மிட்டாய் ஐந்து தின்றால் 15 கிராமுக்குக் குறையாது. ஆகமொத்தம் 56 கிராம். முந்திரிக்கொத்தும் அதிரசமும் இன்னும் கணக்கில் சேரவில்லை. காலையும் மாலையும் குடித்த பால், தேநீரில் போட்ட சீனியும் சேரவில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது எது? வீட்டுப் பலகாரம் தொல்லை கொடுக்கவில்லை. அது பாட்டியும் அம்மாவும் இரண்டு இரவு கண்விழித்துச் சுட்டது; ஆண்டுக்கு ஒருமுறை வருவது; தட்டில் வைத்து எண்ணிக் கொடுப்பது. அதைத் தின்னாதே என்று பிள்ளையிடம் சொல்ல நமக்கு வாய் வராது, சொல்லவும் வேண்டாம். கணக்கை ஏற்றிவிடுவது பண்டிகைக்குச் சம்பந்தமில்லாத குளிர்பானமும், வழியெல்லாம் கையில் விழும் மிட்டாயும்தான். மிட்டாய் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தால் பாதி நம் கையிலிருந்தே.

சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது நாணயத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த பழக்கம். ஒரு ரூபாய் இல்லை, இந்தா ஒரு மிட்டாய். இப்போது கைபேசியில் பைசா சுத்தமாகக் கணக்குத் தீர்க்கிறார்கள். சில்லறைத் தட்டுப்பாடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மிட்டாய் மட்டும் நின்றபாடில்லை. பட்டியலோடு பிள்ளையை அனுப்பினால் சரக்கோடு ஒன்று, தாயோடு வந்தால் இன்னொன்று, இடுப்பில் இருக்கும் குழந்தை கையை நீட்டினால் அதற்கும் ஒன்று. அன்பினால்தான் கொடுக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் நாலு கடைக்குப் போகிற பிள்ளைக்கு நாலு கடையிலும் அன்பு கிடைத்துவிடுகிறது.

அதிலும் இடுப்புக் குழந்தை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இரண்டு வயது நிரம்பும்வரை சேர்த்த சீனியே வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. இங்கிலாந்தில் போர்க்காலத்தில் வந்த சீனி ரேஷன் 1953ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. ரேஷன் காலத்தில் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் இருந்தவர்களையும், ரேஷன் எடுத்தபிறகு பிறந்தவர்களையும் முதுமையில் ஒப்பிட்டு 2024ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ரேஷன் காலத்துப் பிள்ளைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்ததாம். ரேஷன் சீனிக்கு வரிசையில் நின்ற நம் தகப்பனார் காலத்தை நாம் கஷ்டகாலம் என்றே சொல்லி வந்திருக்கிறோம்.

"கேட்பதைக் கொடுப்பதுதான் வியாபாரம். பிள்ளையைக் கட்டுப்படுத்த வேண்டியது பெற்றவர்கள் பொறுப்பு" என்று நம் சகோதர வியாபாரிகள் சிலர் சொல்கிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டதையெல்லாம் கொடுப்பவர்களா நாம்? பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. மிட்டாயைச் சிகரெட்டோடு ஒப்பிடவில்லை. இல்லை என்று சொல்வது நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னோம். மேலும், பிள்ளை கேட்டு நாம் கொடுப்பதைவிட, நாம் கண்ணில் காட்டி அது கேட்பதே அதிகம். கல்லாவுக்கு முன்னால், பிள்ளையின் கண்மட்டத்தில் ஜாடிகளை அடுக்கி வைத்தது யார்? கம்பெனிக்காரர் கொடுத்த தொங்கும் அட்டையை வாசலில் மாட்டியது யார்? தாய் பணம் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை அழுதால் ஐந்து ரூபாய் விற்பனை என்பது தெரிந்துதான் அங்கே வைக்கச் சொல்கிறார்கள்.

பொருளில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் வசதியும் வாங்குபவரைவிட நமக்கே அதிகம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, உறையில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, அதில் சேர்க்கப்பட்டது எவ்வளவு என்று தனித்தனியே அச்சிட வேண்டும். ஆனால் மிகச் சிறிய உறைகளுக்கு விலக்கு உண்டு. விவரம் வெளிப்பெட்டியில் இருந்தால் போதும். அந்த வெளிப்பெட்டியைப் பார்ப்பவர் யார்? அதைக் கத்தியால் கிழித்து ஜாடியில் கொட்டும் நாம் ஒருவர்தான். அடுத்த முறை கிழிக்கும்முன் அந்தப் பொடி எழுத்தை ஒருதரம் படித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடங்கள் இதில் நம்மைவிட முன்னே போய்விட்டன. கொழுப்பு, உப்பு, சீனி மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் எந்தப் பண்டத்தில் எவ்வளவு சீனி என்று காட்டும் சர்க்கரைப் பலகை வைக்க வேண்டும் என 2025ஆம் ஆண்டு உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி பூட்டியபிறகு அந்தப் பலகையை யார் பார்ப்பது? விடுமுறையில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் நம் கடைத்தெருதான், விளையாட்டு மைதானமும் நம் கடைத்தெருதான்.

இன்னொரு பக்கம் விலை இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட், மிட்டாய், பிஸ்கட், கேக் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆனது. வரி குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. சரக்கு மலிந்தால் ஸ்கீமும் பெருகும், பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று தலையில் கட்டுவார்கள் என்பதும் நம் அனுபவம். சீசன் முடிந்து மீந்த சாக்லேட் வெயிலில் இளகி வெளுத்துப்போய் நிற்கும்போது திருப்பி எடுக்க ஆள் வராது. கம்பெனிச் சரக்கில் நமக்கு எவ்வளவு நிற்கிறது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. நிலக்கடலை, பொரிகடலை, கொண்டைக்கடலை, எள், பேரீச்சை, கொடிமுந்திரி என்று நாமே கொள்முதல் செய்து நாமே பொட்டலம் போடும் சரக்கில் எவ்வளவு நிற்கிறது என்பதும் தெரிந்ததே. பிள்ளைக்கு நல்லது எதுவோ அதில்தான் நமக்கும் லாபம் கூடுதல் என்பது அபூர்வமாக அமைகிற விஷயம்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு எங்கள் கடையில் சிறிய அளவில் செய்து பார்த்தோம். ஜாடிகளைக் கல்லா முன்னிருந்து எடுத்துப் பின் அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். கேட்டவருக்குக் கொடுத்தோம், கேட்காதவருக்குக் காட்டவில்லை. ஜாடி இருந்த இடத்தில் வறுத்த நிலக்கடலைப் பொட்டலமும் கமலா ஆரஞ்சுக் கூடையும் வைத்தோம். பட்டியல் கொண்டுவரும் பிள்ளைக்குக் கொசுறாக ஒரு கை பொரிகடலை. நம் தாத்தா காலத்துக் கொசுறு அதுதானே. இடையில் மிட்டாய் வந்து அதைத் தள்ளிவிட்டது. (முழுக் கடலையைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.) பாடல் பவனிக்காக மொத்தமாக மிட்டாய் வாங்க வந்த இளைஞர்களிடம், தாத்தா வேடம் போடுபவர் பையில் பாதி மிட்டாயும் பாதி பென்சில், பலூன், ஒட்டும் நட்சத்திரமுமாக இருக்கட்டும் என்று சொன்னோம். ஒரு குழு சம்மதித்தது. ராத்திரி பதினொரு மணிக்குப் பவனி முடிந்து மிட்டாயை வாயில் அடக்கியபடியே தூங்கிப்போகும் பிள்ளைகள் அந்தத் தெருவில் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

கருப்பட்டி பற்றியும் ஒரு வார்த்தை. சீனிக்குப் பதில் கருப்பட்டி வாங்குங்கள், உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நம்மில் சிலர் சொல்லி விற்கிறோம். கருப்பட்டி நம் தேரிக்காட்டுப் பொருள், அதன் மணத்துக்கு ஈடு கிடையாது, பனையேறிகளுக்குப் பிழைப்பு. விற்போம். ஆனால் அதுவும் பெரும்பகுதி சீனிதான். பல்லுக்கும் இரத்தத்துக்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது. சீனியைக் காய்ச்சிக் கலந்த கருப்பட்டி சந்தையில் புழங்குவதும் நமக்குத் தெரியாததல்ல. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் கடலை இருப்பதால் வெறும் சீனி மிட்டாயைவிட மேல் என்று மனமாரச் சொல்லலாம். அதுவும் இனிப்புத்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் சோதனை முழு வெற்றி என்று சொல்லமாட்டோம். ஆரஞ்சு பாதி அழுகியது. கொள்முதல் செய்யத் தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளர், "பச்சப்பிள்ளைக்கு ஒரு முட்டாய் குடுக்க உங்களுக்கு மனசு வரலியா அண்ணாச்சி?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டுவிட்டார். தினமும் வரும் சிறுமி ஒருத்தி பொரிகடலையை வாங்கிக்கொண்டு, அப்படியே எதிர்க்கடைக்குப் போய் மிட்டாயும் வாங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி போனாள். நாலைந்து நாளில் அவள் எங்கள் கடையை விட்டு எதிர்க்கடைக்கே வாடிக்கை ஆகிவிட்டாள். அவள் வீட்டுப் பட்டியலும் அவள் பின்னால் போயிற்று.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு கடை மட்டும் செய்தால் பிள்ளை தின்பதும் குறையாது, செய்தவருக்கு நட்டமும் உண்டு. தெருவில் உள்ள எல்லாக் கடையும் செய்தால் எவருக்கும் நட்டமில்லை. இது சங்கத்துக்குத் தெரியாத கணக்கல்ல. வாராந்திர விடுமுறையையும் கடை அடைக்கும் நேரத்தையும் நாம் அப்படித்தான் கட்டுப்பாடாகக் கொண்டுவந்தோம். தனி ஒருவர் ஞாயிறு அடைத்தால் பைத்தியக்காரர் என்றார்கள். எல்லோரும் அடைத்தபோது வாடிக்கையாளர் சனிக்கிழமையே வாங்கப் பழகிக்கொண்டார். 2019 சனவரியில் பிளாஸ்டிக் பை தடை வந்தபோதும் முதல் சில மாதங்கள் நாம் ஒற்றுமையாக நின்றவரைக்கும் துணிப்பை வந்தது. நாம் தளர்ந்தோம், அதுவும் தளர்ந்தது.

ஆகவே வரும் செயற்குழுவில் வைக்க நாங்கள் கொண்டுவரும் யோசனை சிறியது, ஒரு பருவத்துக்கு மட்டும். டிசம்பர் 15 தொடங்கிப் பொங்கல் வரை உறுப்பினர் எவரும் சில்லறைக்குப் பதிலாகவோ கொசுறாகவோ மிட்டாய் கொடுப்பதில்லை. சில்லறை இல்லையென்றால் கணக்கில் வைத்துக்கொள்வது. மிட்டாய் ஜாடிகளையும் தொங்கும் அட்டைகளையும் கல்லா முன்னிருந்து அகற்றி உள்ளே வைப்பது. தனியாக வரும் சிறு பிள்ளைக்குப் பெரிய குளிர்பானப் பாட்டிலைப் பட்டியலில் எழுதியிருந்தால் ஒழியக் கொடுப்பதில்லை. விற்பனைக்குத் தடை எதுவும் இல்லை. கேட்டு வாங்குபவருக்கு எல்லாம் உண்டு. பட்டியல் எழுதும்போது, பழக்கமுள்ள வீட்டாரிடம், பிள்ளைகளுக்குப் பலகாரத்தைச் சாப்பாட்டோடு கொடுங்கள், டப்பாவைத் திறந்தபடி வைக்காதீர்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அக்காமார் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சங்கம் செலவில் ஒரு சிறு அட்டை அடித்துக் கொடுத்தால், "ஏன் மிட்டாய் இல்லை?" என்று கேட்பவருக்கு அதைக் காட்டலாம், தனியே வசவு வாங்க வேண்டாம்.

எதிர்க்கடை அண்ணாச்சியிடம் பேசிவிட்டோம். எல்லோரும் சம்மதித்தால் தானும் சம்மதம் என்றார். நவம்பர் முதல் வாரத்திலேயே விற்பனைப் பிரதிநிதிகள் ஆர்டர் புத்தகத்தோடு வந்துவிடுவார்கள். பெட்டி இறங்கியபிறகு பேசிப் பயனில்லை. அதற்கு முன் நடக்கும் செயற்குழுவில் முடிவெடுத்தால்தான் கொள்முதலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள முடியும். உறுப்பினர்கள் ஒப்புதலையோ மறுப்பையோ, மறுப்பு என்றால் காரணத்தையும், செயலாளரிடம் எழுத்து மூலமாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.